கோடையில் தடித்த நரம்பு

மெல்லிய நரம்பில் பெரிய மீனைக் கரையேற்றுவதுதான் தூண்டில்காரனின் திறமை என்று ஏதோ ஒரு கரையில் எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். பத்து கிலோ மீனை அரை மணி நேரம் ஓடவிட்டு, களைக்க வைத்து, நரம்பு அறாமல் கைக்குக் கொண்டுவந்தவன் அன்றைக்கு நாயகன். மீனைக் குழம்பு வைக்கப் போகிறவனுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. பிடித்ததை மறுபடி ஆற்றில் விடுவேன் என்று சொல்கிறவன், அதுவும் பங்குனி சித்திரையில் காவிரிக்கரையில் நிற்கிறவன், அந்த அரை மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மீனை அழிப்பது முள் மட்டும் அல்ல, அந்த நேரமும்தான். கோடையில் ஒருவரின் கைத்திறனை நான் இப்போது கடிகாரத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

நான் பேசுவது மாசீரைப் பற்றி. குடகில், வால்னூரை ஒட்டிய காவிரியில், கூர்க் வைல்ட்லைஃப் சொசைட்டியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தூண்டில் போடலாம். மழைக்காலத்தில் ஆறு செந்நிறமாகப் பெருகி ஓடும்போது அங்கே எங்களுக்கு வேலையில்லை. தை பிறந்தபின் தண்ணீர் தெளியும், மாசியில் இறங்கும், பங்குனியில் பாறைகள் முதுகு காட்டும். காப்பிச் செடி பூக்க வேண்டுமே என்று தோட்டக்காரர்களும் அந்த நேரத்தில்தான் ஆற்றிலும் ஓடைகளிலும் மோட்டார் வைத்து இறைப்பார்கள். ஆறு இன்னும் மெலியும். அகலமாக ஓடிய தண்ணீர் மடுக்களில் ஒதுங்க, மீன்களும் அங்கேயே போய்ச் சேரும். எங்கே இருக்கின்றன என்று அலைந்து தேட வேண்டாம். நமக்கு வாகான பருவமும் மீனுக்கு மூச்சு முட்டும் பருவமும் ஒன்றாகவே வருவதுதான் இந்தக் கலையின் அடிப்படைச் சிக்கல்.

மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் பெயர் பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-ல் கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ, எடையுள்ள மாசீரைப் பிடித்தார். இன்னமும் தூண்டில்காரர்கள் வாயில் அடிபடும் சாதனை அது. நடந்தது மார்ச் மாதம். முதுகு கூனி, துடுப்பு செம்மஞ்சளாக இருக்கும் அந்த இனத்துக்கு, இவ்வளவு புகழ் இருந்தும், 2018 வரை அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. அந்த ஆண்டுதான் அது டோர் ரெமாதேவி என்று அடையாளம் காணப்பட்டது. மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. அணை, மணல் அள்ளுவது, வெடி வைத்துப் பிடிப்பது என்று அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. இன்று எங்கள் தூண்டிலில் வருவதெல்லாம் பெரும்பாலும் நீலத்துடுப்பு மாசீர். லோனாவாலாவில் டாடா நிறுவனம் நடத்தும் பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டுப் பெருகிய இனம். ஆனால் அடுத்து முள்ளில் மாட்டப்போவது எது என்று கரையில் நிற்கும் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு மீனையும் அந்தக் கூனல் முதுகுக்காரன் என்றே நினைத்துக் கையாள வேண்டியிருக்கிறது.

சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். 15 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் உடலோ தண்ணீரின் சூட்டிலேயே இருக்கிறது. தண்ணீர் 10 டிகிரி ஏறினால் சும்மா இருப்பதற்கே அதற்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆக்ஸிஜன் தேவைப்படும். வரவு குறையும் மாதத்தில் செலவு இரட்டிப்பாகும் குடும்பம் போன்றது கோடை மீன். அந்த நிலையில் நாம் அதை இழுத்துப் பார்க்கிறோம். முள் மாட்டியவுடன் மாசீர் போடும் அந்த முதல் ஓட்டம், ரீல் அலறும் ஓட்டம், வெள்ளைத் தசையின் வேலை. அது ஆக்ஸிஜனுக்காகக் காத்திராமல், சேமித்து வைத்த கிளைக்கோஜனை எரித்துவிடும். பின்னால் லாக்டேட் சேரும், ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும், பழைய நிலைக்கு வரப் பல மணி நேரம் ஆகும்.

இதனால்தான் 'நன்றாக நீந்திப் போய்விட்டது' என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை வருவதில்லை. கடுமையாக ஓடிக் களைத்த மீன் ஏன் சாகிறது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1983-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் ரெயின்போ டிரவுட் மீன்கள் செத்தது ஓட்டம் முடிந்த கையோடு அல்ல, சில மணி நேரம் கழித்து. 1992-ல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் அதே மீனை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். களைக்கும்வரை விரட்டிவிட்டுத் தண்ணீரிலேயே விட்ட மீன்களில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் பிழைத்திருந்தன. விரட்டியபின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 28 சதவீதம். டிரவுட் குளிர்நீர் மீன், மாசீரோடு அப்படியே ஒப்பிடக்கூடாது, சோதனையும் கடுமையானது. இருந்தாலும் ஒரு போட்டோ எடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் எண்ணிப் பார்த்தோம். கேமரா தயாராக இல்லாவிட்டால் ஒரு நிமிடம் மிகச் சாதாரணம்.

காவிரியிலேயே நீலத்துடுப்பு மாசீரைப் பிடித்து விட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது, 2016-ல் வெளியானது. மாசீர் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும் மீன் என்றே அது காட்டியது. பெரும்பாலான மீன்களுக்கு முள் வாயில்தான் மாட்டியிருந்தது, பெருங்காயங்கள் குறைவு. ஆனால் இழுபறி நீண்ட மீன்களின் ரத்தம்தான் அதிகம் கெட்டிருந்தது. என் அனுபவமும் அதேதான் சொல்கிறது. ஆகவே முதல் மாற்றத்தை நான் ரீலில் செய்தேன். மாசியில் போடும் நரம்பைச் சித்திரையில் போடுவதில்லை. அதைவிடத் தடித்தது போடுகிறேன். ராடும் கனமானது, டிராக் இறுக்கம். மீன் கடிப்பது குறையத்தான் செய்யும். தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பை மாசீர் பார்த்துவிடும் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள், உண்மைதான். குறைவாகக் கடிக்கட்டும். கடித்த மீன் ஐந்தாறு நிமிடத்தில் கைக்கு வந்துவிட வேண்டும். வராமல் அது கீழ்நோக்கி வேகநீருக்குள் இறங்கிவிட்டால் நின்ற இடத்தில் நின்று வீரம் காட்டாமல் பரிசலில் ஏறிப் பின்னால் போகவேண்டும். நரம்பு நீள நீள நேரமும் நீளும்.

முள்ளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை முள், அதன் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிவிடுவது. மும்முள் கூடாது. ராகிக்களி உருண்டை போட்டு அசட்டையாக உட்கார்ந்திருந்தால் மீன் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிடும். நரம்பை விரலில் உணர்ந்துகொண்டே இருக்கவேண்டும். அப்படியும் விழுங்கிவிட்டால் தோண்டி எடுக்கப் பார்க்காமல் முள்ளருகே நரம்பை வெட்டிவிடுவது நல்லது. ஒரு முள்ளின் விலை என்ன பெரிய விலை!

கையைப் பற்றித்தான் நிறையச் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் எங்களில் பாதிப்பேர் விரால் பிடித்துக் கற்றவர்கள். கோடையில் ஏரி வற்றும்போது, அல்லி இலைகளுக்கு நடுவே தவளை லூரைத் துள்ளவிட்டு விராலை எடுப்பது தனிச் சுகம். ஆனால் விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அதன் தலைக்குள் அதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. சூடேறிய சேற்றுத் தண்ணீரிலும் மேலே வந்து ஒரு வாய்க் காற்று வாங்கிக்கொண்டு பிழைத்துவிடும். ஈரச் சாக்கில் போட்டால் சந்தைவரை உயிரோடு போகும். அந்த விராலைக் கையாண்ட கை, வெளியே எடுத்த மீன் சாவகாசமாக இருக்கும் என்று பழகிவிடுகிறது. அதே கை மாசீரிடம் போகும்போதுதான் ஆபத்து. திருவள்ளூர்ப் பக்கத்து ஏரிகளில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த ஒரு தம்பி எங்களோடு குடகுக்கு வந்தான். முதல் மாசீர் வந்ததும் விராலைத் தூக்குவதுபோலவே தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கி, பாறைமேல் ஏறப் போனான்.

"டேய், தண்ணிக்குள்ளயே வை."

"ஒரே ஒரு போட்டோண்ணே."

"எடுக்கலாம்டா. நீ உட்காரு, மீன் உட்கார வேண்டாம்."

அவன் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தான். மீனின் வயிற்றுக்கடியில் ஒரு கை, வால் அடியில் ஒரு கை, இரண்டும் நனைந்த கை. போட்டோக்காரர் தயார் என்று சொன்னபிறகு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, நான் மூன்று எண்ணி முடிக்கும்வரை மட்டும். படம் மிக நன்றாக வந்தது. மீனின் உடம்பிலிருந்து சொட்டும் நீரெல்லாம் தெரிந்தது. பாறைக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று பிறகு கேட்டான். உன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்று பார் என்றேன். சித்திரைப் பதினொரு மணிப் பாறையில் மீனைக் கிடத்தினால் அதன்மேல் உள்ள வழுவழுப்புப் படலம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தொற்றிலிருந்து காக்கிற படலம் அது. சூடான தண்ணீரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேறு சும்மா இருக்காது.

விடுவதிலும் தவறான பழக்கங்கள் உண்டு. களைத்த மீனை முன்னும் பின்னும் ஆட்டுவது பலருக்கு வழக்கம். பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். மீனுக்கு அதனால் பலனில்லை. தலையை ஓட்டத்தை நோக்கி வைத்து, மென்மையாக ஓடும் தண்ணீரில் நிலையாகப் பிடித்திருந்தால் ஆறே அதற்கு மூச்சு ஊட்டும். கரையோரத் தேங்கல் கூடாது, அங்கேதான் சூடு அதிகம். நுரைத்துப் பாயும் இடமும் கூடாது. வாலைப் பிடித்த விரல்களை அது உதறிக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும், அவசரமாகத் தள்ளிவிடக் கூடாது. காவிரியில் முதலையும் நீர்நாயும் இருக்கின்றன. தள்ளாடிப் போகும் மீனை நீர்நாய்க் கூட்டம் விட்டுவைக்காது. முன்பெல்லாம் மாசீரின் உதட்டில் கயிறு கோத்துக் கரையில் கட்டிவைத்து, ஆட்கள் வந்து சேர்ந்தபின் படம் எடுப்பார்கள். மாசியில் அந்தக் கயிறு மீன் தெளிய அவகாசம் கொடுத்தது என்று வாதிடுவோரும் உண்டு. சித்திரையில் அது இருக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எப்போது போடக்கூடாது என்பதுதான் கடினமான கேள்வி. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இதற்கு எண்ணே இருக்கிறது. பல டிரவுட் ஆறுகளில் தண்ணீர் தொடர்ந்து 3 நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை தூண்டில் போடத் தடை வரும். எங்கள் மாசீருக்கு 23 டிகிரி சுகமான தண்ணீர், எண்ணை அப்படியே எடுத்துவர முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது தெர்மாமீட்டரை. நூலில் கட்டிய ஒன்றை முழங்கால் ஆழ ஓட்டத்தில் விட்டுப் பார்க்கிறேன். காலையில் 25, 26 காட்டும் தண்ணீர் பிற்பகலில் 30-ஐ நெருங்கும். 28-ல் நிறுத்துவது எனக்கு நானே போட்டுக்கொண்ட எல்லை, சட்டம் ஏதும் இல்லை.

விடியற்காலைதான் பத்திரம் என்ற பொதுவிதியிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஓடும் ஆற்றில் அது சரி. தண்ணீர் குளிர்ந்திருக்கும், பாறைகளில் மோதிக் காற்றைக் கலந்துகொண்டே வரும். ஓட்டம் அறுந்து பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும் மடு வேறு. பகலில் ஆக்ஸிஜன் விடும் பாசி இரவெல்லாம் அதை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் அந்த மடுவில் ஆக்ஸிஜன் மிகக் குறையும் நேரம் பொழுது விடியும் நேரம்தான். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால் பசி என்று நினைத்து இரை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மூச்சுத் திணறல். அந்த மடுவில் காலை, மாலை எதுவும் கணக்கில்லை. மழை வந்து ஓட்டம் சேரும்வரை அதை விட்டுவிட வேண்டியதுதான்.

இதில் யாரும் பேசாத ஒன்று கூலி. பரிசல்காரருக்கும் உடன் வரும் உதவியாளுக்கும் நாள் கணக்கில் சம்பளம். மீன் கிடைத்தால் தனி இனாம். பத்து மணிக்கே நிறுத்துவோம் என்று நான் சொன்னால் பரிசல்காரருக்கு இனாம் போகிறது, சில தூண்டில்காரர்கள் அரைநாள் கூலியோடு அனுப்பியும்விடுவார்கள். பிறகு அவர் அடுத்தவரை அழைத்துக்கொண்டு நடுப்பகலில் அதே மடுவுக்கு ஏன் வரமாட்டார்? எங்கள் கூட்டத்தில் இப்போது வைத்திருக்கும் வழக்கம், பங்குனி முதல் முழுநாள் கூலியை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது, இனாமையும் மீன் எண்ணிக்கையோடு கட்டாமல் கொடுத்துவிடுவது. தெர்மாமீட்டரையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். 28 ஆகிவிட்டது சார், சுருட்டுங்க என்று அவர் சொல்லும்போது யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.