கொம்பு மறைந்த திரை

ஆண்டு முடிவில் பாடசாலைகளில் பொருட் கணக்கெடுப்பு நடக்கும். கதிரை, மேசை, கரும்பலகை, பந்து, மணி என எல்லாவற்றையும் எண்ணி எழுதுவார்கள். பட்டியலின் கடைசி நிரலில் 'பாவனைக்குதவாதது' என்ற சொல் விழுந்துவிட்டால் அப்பொருள் களஞ்சிய அறைக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பி வந்த பொருள் எதையும் நான் கண்டதில்லை.

2010ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் பாடசாலையின் ஒரேயொரு மேசைக் கணனி அந்த நிரலின் விளிம்பில் நின்றது. நன்கொடையாக வந்தது, 15 அங்குலக் குழாய்த் திரை கொண்டது. அதிலிருந்த பழைய பணிசெயல் முறைமை வைரஸில் சிக்கி நின்றுபோன பின், பழைய மாணவர் ஒருவர் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது உபுண்டு லினக்ஸை ஏற்றித் தந்துவிட்டுக் கட்டாருக்குப் பயணமானார். விலையில்லை, வைரஸ் தொல்லையும் குறைவு. எல்லாம் நல்லபடிதான் இருந்தது. ஒரேயொரு குறை, திரையில் படம் நடுவில் நிற்கவில்லை. முழுப்படமும் இடப்பக்கம் விலகி, வலப்பக்கம் ஒரு கறுப்புக் கீற்று விழுந்தது. இடப்பக்கம் சுமார் 4 மில்லிமீற்றர் சட்டத்துக்குள் மறைந்தது.

4 மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. அந்நாட்களில் பத்தாந்தரப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்துச் சஞ்சிகையை முதன்முறையாக அச்சில் கொண்டுவர, பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்கள். வரியின் தொடக்கத்தில் 'பெண்' என்று தட்டினால் திரையில் 'பண்' என்று நின்றது. 'தேன்' என்பது 'தன்' ஆயிற்று. பாமினியில் கொம்புக்குத் தனி விசை. விழவில்லை என்று எண்ணிப் பிள்ளைகள் மறுபடியும் தட்ட, அச்சில் ஒரே எழுத்துக்கு இரண்டு கொம்பு முளைத்தது. ஏன் என்று முதலில் கண்டுபிடித்தது கடைசி வாங்கிலிருந்து வந்த ஒரு பிள்ளை.

"சேர், கொம்பு விழுகுது. திரைதான் அதத் திங்குது" என்றாள்.

திரையின் முன்பக்கப் பொத்தான்கள் உடைந்திருந்தபடியால் அங்கே திருத்த வழியில்லை. நகரத்துக் கடையொன்றில் கேட்டதற்கு, குழாய் பழுது, புதியது வாங்குங்கள் என்றார்கள். வாங்குவதற்குப் பாடசாலையில் பணமில்லை. நகரத்துக் கணனி நிலையத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே இந்த இயந்திரம் போனால் அவர்களுக்குக் கணனி என்பது பாடப்புத்தகத்துப் படம் மட்டுந்தான்.

ஒரு விடயம் எனக்கு உறுத்தியது. கணனியைப் போட்டவுடன் வருகின்ற எழுத்துத் திரை சரியாக நடுவில்தான் வந்தது. லினக்ஸின் முகப்பு வந்த பிறகே படம் விலகியது. குழாய் பழுதென்றால் இரண்டுமல்லவா விலக வேண்டும்?

இணைய வசதி இல்லை. ஆனால் லினக்ஸில் கையேடுகள் உள்ளேயே இருக்கின்றன. நாலைந்து நாட்கள் பாடசாலை விட்ட பின் இருந்து வாசித்தேன். விளங்கிக்கொண்டது இதுதான். குழாய்க்குள் இலத்திரன் கற்றை திரையை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக வருடுகிறது. எங்கள் திரையில் செக்கனுக்கு ஏறத்தாழ 48,000 கோடுகள். ஒரு கோடு முடிந்ததும் அடுத்ததற்காகக் கற்றை இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்நேரத்தில் படம் இல்லை, இருள்தான். அந்த இருளுக்கிடையில் கணனி ஒரு துடிப்பை அனுப்பித் 'திரும்பு' என்கிறது.

1024க்கு 768 என்ற அளவில், ஒரு கோட்டின் முழு நீளம் 1344 புள்ளிகளுக்குரிய நேரம். அதில் கண்ணுக்குத் தெரிவது 1024. மீதி 320 இருள்: துடிப்புக்கு முன் 24, துடிப்பு 136, துடிப்புக்குப் பின் 160. 1987இல் வந்த வீஜீஏ வடத்தில் நிறங்களும் துடிப்புகளும் போகின்றனவே தவிர, படம் இந்த இடத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் கம்பி எதுவும் இல்லை. துடிப்பை வைத்தே திரை அதைக் கணித்துக்கொள்கிறது. ஆக, படம் நடுவில் நிற்பதும் விலகுவதும் படமில்லாத நேரத்தில் தீர்மானமாகிறது.

பள்ளிவாசலில் இகாமத் சொல்லி முடிந்ததும் இமாம் உடனே தக்பீர் கட்டிவிடுவதில்லை. திரும்பிப் பார்த்து, ஸஃப்பை நேராக்கச் சொல்லி, சற்று நிற்பார். தொழுகையில் சேராத அந்தச் சில கணங்களில்தான் ஸஃப்பு நேராகிறது. பிள்ளைகளுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன்.

லினக்ஸில் இந்த எண்களை மாற்ற 'எக்ஸ்விட்டியூன்' என்றொரு சிறு மென்பொருள் இருந்தது. திறந்தவுடனேயே பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை: பிழையாகப் பாவித்தால் திரை நிரந்தரமாகப் பழுதாகலாம். சுற்றி நின்ற பிள்ளைகள் ஓரடி பின்வாங்கினார்கள். எனக்கும் கை தயங்கியது. இருக்கின்ற ஒன்றையும் எரித்துவிட்டால், பட்டியலில் அந்தச் சொல்லை நாங்களே எழுதியவர்களாவோம்.

மொத்தம் 1344 மாறினால் கோடுகளின் வேகம் மாறும், ஆபத்து அங்கேதான். எங்களுக்கு வேண்டியது வேகமல்ல, இடம். கொம்பைக் கண்டுபிடித்த அதே பிள்ளை, கணிதத்தில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருந்தவள், கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அப்ப சேர், முன்னுக்குக் கொறச்சத பின்னுக்குக் கூட்டினா மொத்தம் அப்பிடியேதானே இருக்கும்?"

அதுதான் விடை. முன்னால் இருந்த 24ஐ 8 ஆக்கினோம். பின்னால் இருந்த 160 அப்போது 176 ஆனது. துடிப்பு 16 புள்ளிகள் முந்தியது. துடிப்புக்கும் படத்துக்கும் இடையிலான நேரம் கூடவே, படம் அவ்வளவு தூரம் வலப்பக்கம் நகர்ந்தது. அவளே பொத்தானை அழுத்தினாள். கறுப்புக் கீற்று ஒடுங்கியது. இடது ஓரத்தில் 'பண்' என்று நின்ற சொல் 'பெண்' ஆயிற்று. அல்ஹம்துலில்லாஹ். புதிய எண்களை ஒரு வரியாக அந்த மென்பொருளே எழுதிக் காட்டியது. அதை முறைமையின் அமைப்புக் கோப்பில் சேர்த்தோம், அடுத்த நாள் கணனியைப் போட்டபோதும் படம் நடுவிலேயே நின்றது. செலவு ஒரு சதமும் இல்லை.

சஞ்சிகை வெளிவந்தது. இயந்திரமும் அதன் பிறகு 4 வருடங்கள் உழைத்தது.

இன்று தட்டைத் திரைகளும் எச்டிஎம்ஐ வடங்களும் வந்துவிட்டன. படம் எங்கே தொடங்குகிறது என்பதைத் திரை ஊகிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இருள் நேரம் எச்டிஎம்ஐயிலும் தொடர்கிறது. இலத்திரன் கற்றை இல்லாமற்போன பிறகு அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அந்த வடத்தில் ஒலி பயணிப்பதே அந்த இடைவெளியில்தான். வெற்று நேரம் என்று நாம் நினைப்பதில் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது.

அவ்வருடம் கணக்கெடுப்புப் பட்டியலில் கணனிக்கு எதிரே 'பாவனையிலுள்ளது' என்று எழுதப்பட்டது. அதே வாரம் மெல்லக் கற்போர் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை அடுத்த வருடத்துக்கும் பிரதிபண்ணாமல், பேனையைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய பழைய கணிதக் கொப்பிகளைக் கொண்டுவரச் சொன்னேன்.