பாலாற்றங்கரை ஊறல்

‘ஊறல்’ என்றதும் நம் ஜனங்களுக்கு முதலில் நினைவு வருவது புதரில் ஒளித்து வைத்த சாராய ஊறல்தான். 1939-லேயே மதுவிலக்கைக் கண்ட வட ஆற்காடு ஜில்லாவில் அது இயல்பே. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களை வாழ வைத்த ஊறல் வேறு. மேனாட்டிலே பீர் வடிக்கும் சாலை பாட்டன், தந்தை, மகன் என்று வழிவழி வருவதுபோல, இங்கே தோல் பதனிடும் சாலை வந்திருக்கிறது.

வேலூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் ஆம்பூர். நம்மை முதலில் வரவேற்றது மணந்தான்; அதைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பதே நலம். அருகில் ஓடுவது, அல்லது ஓட வேண்டியது, பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு. எனினும் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். அந்த நீரும், மேட்டு நிலத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் ஆவாரஞ்செடியும், மலைக் கடுக்காயும் சேர்ந்து இத்தொழிலை இங்கே வேரூன்றச் செய்தன. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், பின்னர் மேற்கே நீண்டு இவ்வூர்களைச் சென்னைத் துறைமுகத்தோடு பிணைத்தது.

பழைய முறை பொறுமையின் முறை. உப்பிட்டு வந்த தோலை அலசி, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் நீக்கிச் சதை சீவி, ஆவாரம்பட்டை இடித்துப் போட்ட தொட்டியில் ஊற வைப்பார்கள். முதலில் சாரம் குறைந்த பழைய பட்டைத் தண்ணீர். பிறகே புதுப் பட்டையின் கடுஞ்சாறு. எடுத்த எடுப்பிலே கடுஞ்சாற்றில் இட்டால் மேற்புறம் இறுகி, உள்ளே சாறு ஏறாது. ஆவாரையில் மட்டும் பதமான தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். கடைசியில் இடும் கடுக்காய் அதைத் தடுத்து இளமஞ்சள் நிறம் தருகிறது. அப்புறம் எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவார்கள். சாறு நடுவரை ஏறிற்றா என்று ஓரத்தை நறுக்கிப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் வாரக்கணக்கில் செல்லும்.

முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பத்தார். தொட்டிக்குள் இறங்கித் தோலை மிதித்தவர்களோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பார். குடும்பச் சரித்திரம் எழுதுவோர் முதலாளியின் பாட்டனாரைத்தான் சொல்கிறார்கள். தொட்டியில் நின்றவருக்கும் அது பாட்டனார் தொழில் அல்லவா?

இந்தத் தோல் லண்டன் சந்தையில் பெயர் பெற்றது. முதல் உலக யுத்தத்தில் ஆங்கிலச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. இடையே 1903-ஆம் ஆண்டு வாக்கில், சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் உப்பினால் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். வாரக்கணக்கான வேலை நாள் கணக்கில் முடியும் வழி அது. சென்னை அடையாற்றில் 1948-ல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1973-ல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குச் சர்க்கார் வரம்பு கட்டவே, குடும்பச் சாலைகள் முழுப்பதத் தோலுக்கும் செருப்புக்கும் திரும்பின. பட்டைத் தொட்டி இருந்த இடத்தில் மர உருளைகள் சுழலலாயின.

பழைய தொட்டி நீரும் தூயதன்று. ஆயினும் அளவு பெருகியபோது உப்பும் குரோமியமும் ஆற்றில் இறங்கின. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறதென்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ கெட்டதென்றும் அத்தீர்ப்பில் காண்கிறோம். சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவைச் சுத்தம் செய்யாதவை மூடப்பட வேண்டுமென்ற கட்டளை. நம் அபிப்பிராயத்தில் அபராதம் சொற்பம், கட்டளைதான் பெரிது. அதன் பயனாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல இயங்குகின்றன. ஆனால் நிலத்தடியில் கரைந்த உப்பு எளிதில் வெளியேறுவதில்லை. இப்பொழுது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் குடிநீராகக் காவிரித் தண்ணீர், மேட்டூரிலிருந்து குழாய் வழியே வருகிறது.