காலை வாரிய கதை

யாராவது நம்மை மோசம் செய்துவிட்டால், "காலை வாரிவிட்டான்" என்கிறோம். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எங்கள் ஊர் வஸ்தாதுவை நினைத்துக்கொள்வேன். காலை வாருவதை ஒரு யோக்கியமான வித்தையாகக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

கல்லூரியில் படித்த நாளில் நான் அகத்திக் குச்சிபோல் இருப்பேன். உடம்பு தேறட்டும் என்று அப்பா என்னை ஆற்றங்கரைக் கோதாவில் கொண்டுபோய் விட்டார். முதல் ஆறு மாதம் தண்டாலும் பஸ்கியும் மண் கொத்துவதும்தான். விடியுமுன் கோதா மண்ணைக் கொத்தி, கட்டிகளை உடைத்து, பொலபொலவென்று ஆக்கிவைக்க வேண்டும். பிறகு ஒரு நாள் வஸ்தாது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பிக்குக் கால் பிடிதான் லாயக்கு" என்றார்.

அதில் பலத்தைவிடக் கணக்குத்தான் அதிகம். எவ்வளவு பெரிய ஆளானாலும் நிற்பது இரண்டு கால்களில்தானே! இடுப்பை வளைத்துக் குனியக் கூடாது. முழங்காலை மடக்கித் தணிய வேண்டும். நம் கால் ஒன்று அவன் கால்களுக்கு நடுவே போக வேண்டும். தோள் அவன் வயிற்றில் முட்ட, கைகள் அவன் முழங்கால்களுக்குப் பின்னால் சேர வேண்டும். தலை நிமிர்ந்து அவன் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். தொங்கினால் கழுத்து அவன் கக்கத்தில் சிக்கிவிடும். அப்புறம் முன்னே நடப்பதுதான் வேலை. ஆள் சாய்ந்துவிடுவான்.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மராட்டிய நாட்டு கே. டி. ஜாதவ் வெண்கலப் பதக்கம் வாங்கினாரே, அவருடைய எடைப் பிரிவு 57 கிலோதான். காலைப் பிடிக்க அனுமதியுள்ள ஃப்ரீஸ்டைல் முறையில் வாங்கியது. கிரேக்க-ரோமன் முறையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது. என்னைப் போன்ற ஒல்லிகளுக்கு ஜாதவின் பெயர் ஒரு டானிக்.

ஒரு நாள் இரவு கடைசி ரயிலில் இறங்கி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மடியில், அடகுக் கடையிலிருந்து மீட்ட அம்மாவின் வளையல்கள். சத்திரத்து வாசலில் ஒருவன் வழிமறித்துச் சட்டையைப் பிடித்தான். வாயில் கள் நெடி. யோசித்து ஒன்றும் செய்யவில்லை. உடம்பு தானாகவே தணிந்தது. மறுகணம் அவன் கீழே கிடந்தான்.

கோதாவில் ஆள் விழுந்தால் 'தொப்' என்று கேட்கும். அன்று கேட்டது வேறு சத்தம். சத்திரத்துக் கருங்கல் படி. அவன் அசையவில்லை. நான் ஓடினேன். துரத்துவானோ என்று அல்ல. எழுந்திருக்கவே மாட்டானோ என்ற பயத்தில் ஓடினேன்.

இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை, படியில் கறை மட்டும் இருந்தது. நேரே வஸ்தாதுவிடம் போய்ச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் மண்வெட்டியை நீட்டினார். கொத்தி முடித்த பிறகு கேட்டார்:

"தெனமும் எதுக்குக் கொத்தறோம், தெரியுமா?"

"பழக்கம்தானே, வஸ்தாது?"

"விழறவனுக்காகத் தம்பி. தெருவிலே உனக்காக எவனும் மண்ணைக் கொத்தி வெச்சிருக்க மாட்டான். சட்டையைத்தானே பிடிச்சான்? கிழிஞ்சா கிழியட்டும்னு உதறிட்டு ஓடியிருக்கலாமே! வேறே வழியே இல்லேன்னா காலைப் பிடி. ஆனா, தலை அடிபடாம, உட்கார வைக்கிற மாதிரி எறக்கு. எறக்கினதும் விட்டுட்டு ஓடு. மேலே ஏறி உட்கார்ந்தேன்னா, பின்னாலே அவன் கூட்டாளி கட்டையோட நிப்பான்."

பத்து நாள் கழித்து, தலையில் கட்டோடு அவன் கடைத்தெருவில் மூட்டை சுமந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நின்றேன். தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் கோதா மண்ணை வழக்கத்தைவிட ஒரு சாண் ஆழமாகக் கொத்தினேன். வஸ்தாது பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை.