பாமினி திறந்தால் போதும்

மாத்தளை திருகோணமலை வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் அந்த அச்சகம். கல்யாண அட்டை, மரண அறிவித்தல், ரசீதுப் புத்தகம். முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும் காலத்தில் உபயகாரர் நோட்டீஸ். நான் போன காலையில் அச்சு இயந்திரம் சும்மா நின்றது. கணினி திருத்தும் தம்பி தரையில் சப்பணமிட்டு ஒரு பென்டியம் 4 பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினார். கப்பாசிட்டர் எதற்காவது தலை உப்பியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். திகதி பல வருடம் பின்னால் போயிருந்தது. பட்டன் பட்டரியை மாற்றினார்.

பிறகு சீடி. மேலே மார்க்கர் பேனாவால் 'அச்சகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே வின்டோஸ் எக்ஸ்பி. அது வந்தது 2001இல். மைக்ரோசொப்ட் அதைக் கைகழுவியது 2014 ஏப்ரல் 8இல். தம்பியின் சீடியில் இருப்பது முழு எக்ஸ்பியும் அல்ல. என்லைட் என்ற மென்பொருளில் மூலச் சீடியைக் கொடுத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டும். டிக் போட்டவை கழிந்து புதுச் சீடி தயாராகும். மூவி மேக்கர், மெசஞ்சர், பின்போல், தேடும்போது வாலாட்டும் நாய்க்குட்டி எல்லாம் போயிற்று. நாய்க்குட்டி போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"எடுக்கிறது லேசு சேர். ஆரம்பத்தில மொழிப் பகுதியை அப்படியே வெட்டிட்டேன். பிரதேச சபைக் கடிதம் பென் டிரைவ்ல வந்திச்சி, தொறந்தா முழுக்கப் பெட்டி பெட்டியா!"

அந்தக் கடிதம் யுனிகோட் தமிழில். அதற்கு எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துவடிவங்களுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டும். பின்னால் சேர்க்கப் போனால் எக்ஸ்பி சீடியைப் போடச் சொல்லும். வெட்டிய சீடியில் அவை எங்கே இருக்கும்?

பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு இந்தத் தொல்லை இல்லை. எம் விசையில் அ, கே விசையில் ம, அரைப்புள்ளி விசையில் மெய்யின் புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். யுனிகோட் அறியாத பேஜ்மேக்கர் 7 என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் அதனால்தான் தமிழ் பிசகாமல் ஓடுகிறது. அச்சகத்தின் பழைய வேலையெல்லாம் அந்தக் கோப்புகளில் கிடக்கிறது. பாமினியை யுனிகோடாக்கக் கருவிகள் உண்டு, ஆனால் அவை எழுத்தை மட்டும்தான் மாற்றும். பக்கத்தை மறுபடி கட்டவேண்டும். தேருக்கு முந்திய வாரத்தில் அதற்கு யாருக்கு நேரம்? ஏழ்மையால் மட்டும் பழைய கணினியைக் கட்டி அழுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. விலையும் ஒரு காரணம்தான்: 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது, புதுக் கணினி வாங்கும் பேச்சு அச்சகத்தில் நின்றுபோனது.

மைக்ரோசொப்டே 2006இல் எக்ஸ்பியை இப்படி வெட்டிச் சுருக்கியது. 'வின்டோஸ் ஃபன்டமென்டல்ஸ் ஃபோர் லெகசி பிசிஸ்' என்று பெயர். 64 எம்பி ராம் இருந்தாலும் ஓடும். ஆனால் அது கடைக்கு வரவில்லை, தொகையாக உரிமம் வாங்கும் நிறுவனங்களுக்கே கிடைத்தது. சந்துக்கடைக்காரர்கள் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். தம்பியின் மூலச் சீடிக்கு உரிமம் உண்டா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாதுகாப்பு? இணைய வயர் சுவரோடு சுருட்டிக் கட்டியிருந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள் பரவியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைத் தம்பி சீடியிலேயே சேர்த்திருக்கிறார். பென் டிரைவ் செருகினால் தானாக எதுவும் ஓடாதபடி ஓட்டோரனையும் நிறுத்திவிட்டார்.

பகலுக்குள் கணினி எழுந்தது. "தம்பி, போன வருஷத்து உபய நோட்டீசை ஒருக்கா தொறங்க" என்றார் முதலாளி. திறந்தது. லேசர் பிரின்டரில் ஒரு டிரேசிங் தாள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கொம்புகளையும் புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

தம்பிக்கு அடுத்த வேலை உக்குவளையில், ஒரு போட்டோகொப்பிக் கடையில். ராம் வெறும் 256 எம்பியாம். பாமினி போதும், வேறொன்றும் வேண்டாம் என்கிறாராம் கடைக்காரர். அப்படியானால் யுனிகோடையும் வெட்டிவிடலாமே என்றேன்.

"இப்ப வேணாம்பாங்க சேர், பொறகு ராத்திரியில கோல் எடுப்பாங்க" என்று ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார்.