லோடு கொடுத்தால் தெரியும்

"சாவியைத் திருகினா சத்தம் வருதா, வரலையா?" வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் போன் செய்தாலும் அந்த எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது இதைத்தான். 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினல் லூஸ். சொலினாய்டு இழுக்கிறது, இழுத்ததும் வோல்ட் சரிகிறது, பிடி விடுகிறது, வோல்ட் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சொலினாய்டு வரை கோளாறில்லை. செல்ஃப் மோட்டாரோ அதற்குப் போகும் தடித்த கேபிளோ மக்கர் செய்கிறது. சத்தமே இல்லையா, இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து ரிலே வழியாகப் போகும் மெல்லிய வயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். செல்ஃப் ஜோராகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கணக்கு: பெட்ரோல் பம்பின் பியூஸ், ஸ்பார்க், சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணாத தகராறு. கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் போனிலேயே தெரிந்துவிடுகிறது.

கடை கோலார் தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டையில். தகரக் கூரை, ஆணிகளில் தொங்கும் வயர் சுருள்கள், பெஞ்சின் மேல் பிரித்துப் போட்ட ஆர்மேச்சர்கள். அவருடைய அப்பா மைன்ஸில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தவர். இந்த ஊருக்கு கரண்ட் பழைய சொந்தம். சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். பெங்களூர்த் தெருவிளக்குக்கு அது 1905-இல்தான் போனது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்கு ஆள் இறங்கவும், காற்றுப் போகவும், தண்ணீர் வெளியேறவும் அந்தக் கரண்ட்தான். "கீழ ஆளுங்க இருக்கும்போது மோட்டார் நின்னா, எது போச்சோன்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துக்கினு இருக்க முடியுமா? அப்பா அதான் சொல்வாரு. முதல்ல அளந்து பாருடா, அப்புறம் ஸ்பானரைத் தொடு." 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அளந்து பார்க்கும் பழக்கம் மட்டும் இந்தத் தகரக் கூரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நான் போயிருந்த அன்று ஓர் ஆல்ட்டோவைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வேறெங்கோ காட்டி, பேட்டரியைப் புதிதாக மாற்றியும் 'டக்' என்ற சத்தத்தைத் தாண்டி வண்டி நகரவில்லை. அடுத்தது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார்: 12.5. "இதை நம்பக் கூடாது சார். சும்மா நிக்கும்போது எல்லாம் நல்ல பிள்ளைதான்." பையனைச் சாவி திருகச் சொன்னார். டக். மீட்டர் 11.9-இல் நின்றது. நல்ல பேட்டரியும் செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட் பக்கம் இறங்கும். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டார் அது. இங்கே வோல்ட் இறங்கவில்லை என்றால், போக வேண்டிய கரண்ட் போகவில்லை. பேட்டரி நிரபராதி. மோட்டார் மேல் பழி போடுவதற்கு முன்னால் வழியைப் பார்க்க வேண்டும்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கொம்பிலும் இன்னொன்றை என்ஜின் இரும்பிலும் வைத்தார். இரண்டும் ஒரே எர்த். சாவி திருகும்போதும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. "திருகுடா." ஏழு வோல்ட் காட்டியது. மோட்டாருக்குப் போக வேண்டியதில் பாதிக்கு மேல் திரும்பி வரும் வழியில் கரைந்துகொண்டிருந்தது. பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. என்னைக் கூப்பிட்டு ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொடச் சொன்னார். கதகதவென்று இருந்தது. எர்த் பட்டை கைவிட்டதும், கரண்ட் கிடைத்த இரும்பில் எல்லாம் புகுந்து ஊருக்குத் திரும்பப் பார்க்கிறது. இப்படிப் பல தடவை திருகினால் அந்தக் கேபிளின் உறையே உருகிவிடுமாம்.

பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே இருந்த பின்னல் பட்டையைக் கழற்றினார். வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் வட்டமாகத் துரு. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவினார். அடுத்த திருகலில் என்ஜின் பிடித்தது.

அவரிடம் ஒரு டெஸ்ட் லாம்ப் இருக்கிறது, இண்டிகேட்டர் பல்பை வைத்து அவரே செய்தது. மீட்டர் கரண்ட்டையே இழுப்பதில்லை என்பதால், ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரிலும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். 21 வாட் பல்ப் இரண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில் அடைப்பு இருந்தால் மங்கிவிடும். ஸ்கேனர் வாங்கியிருக்கிறார், பெட்டியில் கிடக்கிறது. சென்சார் கோளாறுக்கு அது நல்லது, துருப்பிடித்த போல்ட்டை அது சொல்லாது என்கிறார். ஸ்கேனரைச் சொருகிய கையோடு பில் போடும் இடங்களில் நின்றிருக்கிறேன். இவர் பேச்சை நம்பவே தோன்றுகிறது.

அவருக்கு அதிகம் வருவது வேறு கோளாறு. மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஊர் இது. வண்டி வீட்டுவாசலில் வாரக்கணக்கில் நிற்கும். நிற்கும் வண்டியும் கொஞ்சம் கரண்ட் தின்னும். 50 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பாதி காலி. வெளிக்கடையில் மாட்டிய மியூசிக் சிஸ்டமோ ரிவர்ஸ் கேமராவோ தூங்காமல் இருந்தால் இன்னும் சீக்கிரம். மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்து, வண்டி அடங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கும்போது முள் விழுகிறதோ அந்தப் பாதையில் திருடன்.

ஆசிரியர் கூலி கேட்டார். முந்நூறு ரூபாய் என்றதும் முகம் சற்று மாறியது. "ஒரு போல்ட்டைத் தேய்ச்சதுக்கா?"

"தேய்ச்சதுக்கு இருபது ரூபா சார். மிச்சம், எந்த போல்ட்டுன்னு கண்டுபிடிச்சதுக்கு."

ஆசிரியர் சிரித்துவிட்டுப் பணத்தை எடுத்தார். எலக்ட்ரீஷியன் பானெட்டை மூடப் போனவர் நின்று கேட்டார். "பழைய பேட்டரி வீட்ல கீதா சார்? கொண்டாங்க, சார்ஜ் போட்டுப் பாக்கலாம். அதுல எந்தக் கோளாறும் இருந்திருக்காது."

"எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேனே."