தம்பி வீட்டுத் தென்னை



முப்பத்திரண்டு வருஷம் "அலைநீளம் = ஒளியின் வேகம் ÷ அதிர்வெண்" என்று கரும்பலகையில் எழுதியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியபோதுதான் அந்தச் சூத்திரம் என்னையே மடக்கியது.

எனக்கு 80 மீட்டர் பேண்ட் மேல் ஆசை. 143-ஐ 3.6 மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். அரை அலை டைபோலுக்கு ஏறக்குறைய 40 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். நடுவில் கேபிள், இருபக்கமும் இருபது இருபது மீட்டர். மேற்கே கொல்லையில் இடம் இருந்தது. கிழக்கே சுவர். கம்பியைக் குறைத்துச் சுருள் வைக்கலாம்தான். ஆனால் குட்டை ஆண்டெனாவில் நாம் கொடுக்கும் சக்தியில் நல்ல பங்கு சுருளைச் சூடாக்கவே போய்விடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுத் தென்னை. அந்தச் சுவரால்தான் நாங்கள் ஆறு வருஷமாகப் பேசவில்லை. உறவுகளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் சுருளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு காலையில் அவன் வாசலில் போய் நின்றேன்.

"உன் தென்னையில ஒரு கயிறு கட்டணும்டா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "காத்துல மரம் ஆடுமேண்ணே, கம்பி அறுந்துடாதா?"

இயற்பியல் வாத்தியாருக்கு அது தோன்றவில்லை. உள்ளே போய் அப்பா காலத்துக் கிணற்றுக் கப்பியை எடுத்துவந்தான். அதை மரத்தில் கட்டி, கயிற்றை அதன் வழியே விட்டு, முனையில் ஒரு கல்லைத் தொங்கவிட்டோம். மரம் அந்தப் பக்கம் சாய்ந்தால் கல் ஏறும். இந்தப் பக்கம் வந்தால் இறங்கும். கம்பியின் முனையில் மின்னழுத்தம் அதிகம் என்பதால் யார் கைக்கும் எட்டாத உயரத்தில் இன்சுலேட்டரோடு நிறுத்தினோம்.

பத்து மீட்டர் உயரம் என்பது இந்த அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதனால் அலை பெரும்பாலும் செங்குத்தாக ஏறி, அயனி மண்டலத்தில் திரும்பி, சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். தூரதேசம் கிடைப்பது கஷ்டம். பக்கத்து ஊர்கள் நன்றாகக் கிடைக்கும். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலையை விழுங்கிவிடும். இருட்டும்வரை காத்திருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

சுவர் அப்படியேதான் இருக்கிறது. கயிறு தேய்ந்திருக்கிறதா என்று வாராவாரம் அவன்தான் பார்க்கிறான்.

சரி, பிள்ளைகளே: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு எத்தனை மீட்டர் கம்பி? கீழே எழுதுங்கள். மார்க் உண்டு.