மணிக்கு என்ன நேர்ந்தது?

இரவில் நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்பார்கள் எங்கள் தோட்டத்தில். வெறும் இருட்டைப் பார்த்துக் குரைத்தால் பேயைக் கண்டுவிட்டது என்பார்கள். கேகாலை மாவட்டத்தில், தெரணியகலைக்கு அப்பால், இறப்பர் மரங்களுக்கிடையே நின்ற ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்த நானும் இவற்றை நம்பியவன்தான். அந்த நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்பதைச் சொல்ல 1973ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

எங்கள் லயத்தின் 10 காம்பராக்களுக்கும் பொதுக் காவல் மணி என்ற நாய். குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் சீறாத பிராணி. ஒருநாள் அது சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போயிற்று. விறகுக் குவியலின் இருட்டில் ஒடுங்கிப் படுத்தது. பழகிய குரல் மாறிக் கரகரத்தது. மூன்றாம் நாள் கீழ்த்தாடை தொங்கிற்று; எச்சில் வடிந்தது; தண்ணீரை நக்க முயன்று முடியாமல் தவித்தது. அது எவரையும் துரத்தவில்லை, கடிக்கவுமில்லை. ஆகவே வெறி என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை. பேயறைந்துவிட்டது என்றார் ஒருவர். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்றார் மற்றொருவர்.

அந்த எலும்பை எடுக்கக் கைவிட்டவன் என் சின்னம்மாவின் மகன். வயது 9. பல் உரசியதில் விரலில் ஒரு கீறல், அவ்வளவே. சின்னம்மா மஞ்சள் அரைத்துப் பூசினாள். பூசாரி திருநீறு போட்டார். மறுநாள் மணி செத்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் அதற்கான ஊசி இல்லை. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் பேர் விழாது. அன்றைய கூலி போய்விடும். பஸ்ஸுக்கும் காசு வேண்டும். அரிசியும் மாவும் அருகித் தோட்டங்கள் பட்டினி கிடந்த காலம் அது. காய்ந்துவிட்ட ஒரு கீறலுக்காகக் கூலியை இழக்க எந்தத் தாய்க்குத்தான் துணிவு வரும்?

இரண்டு மாதம் கழித்து அவன் விரல் விறுவிறுத்தது. தண்ணீர்க் கோப்பையைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொண்டது. காற்றுப் பட்டாலும் துடித்தான். நாயின் ஆவி பிடித்துவிட்டது என்று உடுக்கடித்தார்கள். மூன்றாம் நாள் இறந்தான்.

பல ஆண்டுகள் சென்று, ஆசிரியப் பயிற்சியின்போது ஒரு நூலில் மணியின் கதையை நான் படித்தேன். வெறிநோயின் கிருமி காயத்தின் வழியே புகுந்து, நரம்பைப் பற்றி மூளையை நோக்கி நகர்கிறது. அதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மூளையை அடைந்ததும் குணம் மாறுகிறது: சாதுவான நாய் கடிக்கும், முரட்டு நாய் குழையும். தாடையும் தொண்டையும் செயலிழப்பதால் எச்சில் வடிகிறது. எலும்பு சிக்கியதுபோல் தோன்றுகிறது. ஓடிக் கடிப்பது ஒருவகை வெறி. ஒடுங்கிக் கிடப்பது ஊமை வெறி. எங்கள் மணிக்கு வந்தது இரண்டாவது.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், பாரிஸ் நகரில், லூயி பாஸ்டரின் தடுப்பூசி ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அவனுக்கும் வயது 9. அவன் பிழைத்தான். அதற்கு 88 ஆண்டுகளுக்குப் பின் என் தம்பி இறந்தான். அந்த ஓராண்டில் இந்நோய்க்கு இலங்கையில் பலியானோர் 377 பேர்.

சின்னம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவளுக்கு எட்டிய வைத்தியம் மஞ்சளும் திருநீறுந்தான். மருத்துவ அறிவைத் தோட்டத்து எல்லைக்கு வெளியே நிறுத்திவைத்தது அவளல்ல. பகுத்தறிவைப் போதிக்கும் நாம் பஸ் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இன்று நாய்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனிதர்க்கும் ஊசி இலவசம். ஆண்டுதோறும் நேரும் மரணங்கள் சில பத்துகளாகக் குறைந்துள்ளன. ஆனால் நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழியில்லை என்ற நிலை பெரிதும் மாறவில்லை.

ஓய்வுபெறும்வரை ஒவ்வோராண்டும் இதை வகுப்பில் சொல்லிவந்தேன். குணம் மாறிய நாயின் வாயில் கைவிடாதீர்கள். சிறு கீறலானாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒருமுறை பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: “அன்னைக்கு அம்மாவுக்குப் பேரு விழாதே, சேர்?”

பாடநூலில் அதற்கு விடையில்லை. அந்த விடையைத் தேடுவதும் நம் பாடத்தில் ஒரு பகுதியே.